இடப்பக்கத் திரை

பிப்ரவரி 9

திரையுலகின் முடிசூடா மன்னர் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. அக்காவுக்கு ஒரே மகள்தான், ஆகவே எந்த மகள் என்று புருவத்தை நெரிக்க வேண்டாம்.

என் எண்ணை உங்கள் போனில் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அப்பா போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். ‘எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்காதவரை அவளோடு ஒரு பேச்சும் கிடையாது’ என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினீர்களாம். சரி, எழுத்துமூலம் வந்துவிட்டேன். மன்னிப்பு மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டது.

நான் என்ன பொய்யா எழுதினேன்? உங்கள் கடைக் கண்ணாடியில் நான் ஒட்டிய தாளில் இருந்தது இவ்வளவுதான்: ‘திரைத்துறையில் இருபது வருட அனுபவம். புதுமுகங்கள் வரவேற்கப்படுகிறார்கள்.’ நீங்கள் ஜன்னலுக்குத் திரை மாட்டுகிறவர். இருபது வருடமாக மாட்டுகிறீர்கள். கடைக்குப் புதுமுகம் வந்தால் வரவேற்கத்தானே வேண்டும்? மறுநாள் பதினோரு பேர் புகைப்படத்தோடு வரிசையில் நின்றதற்கும், அதில் ஒருவர் துணி வெட்டும் மேசைமேல் ஏறி ஆடிக் காட்டியதற்கும், உங்கள் முதலாளி அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்ததற்கும் தமிழ்மொழிதான் பொறுப்பு. ‘திரை’ என்ற ஒரே சொல்லை இரண்டு தொழிலுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது நானா?

போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன். அப்பா ஒரு மடக்கு கேம்பர் வாங்கியிருக்கிறார். பழையது. மூடியிருக்கும்போது காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற பெரிய டிபன் பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்பும். இரண்டு பக்கமும் கட்டில்கள் இழுப்பறை மாதிரி வெளியே வரும். நடுவில் துணிச் சுவர். அப்பா இதுவரை மூன்று முறை திறந்திருக்கிறார். அதில் இரண்டு முறை உள்ளே மாட்டிக்கொண்டார்.

எதற்கு இந்தக் கூத்து என்று கேட்பீர்கள். அம்மாவுக்காக. அவள் பகலில் வாசலைத் தாண்டி மூன்று வருடம் ஆகிறது. வெயில் பட்டால் முகமும் கையும் தடித்துச் சிவந்து, மூட்டெல்லாம் வீங்கி, காய்ச்சலில் விழுகிற உடம்பு. எங்கள் வீட்டு ஜன்னல்கள் அத்தனைக்கும் கெட்டித் திரை மாட்டிப் பகலை இரவாக்கிய பெருமை உங்களையே சேரும். போன மாதம் டாக்டர் சொன்னார்: “முழு நிழல் இருந்தா வெளிய உட்காரலாம்மா. நிழல்னா நிழல். ஓட்டை நிழல் இல்ல.” அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய செருப்பை எடுத்துத் தூசி தட்டி வாசலில் வைத்தாள். தட்டி வைத்தாள், அவ்வளவுதான்.

ஏப்ரல் இருபதாம் தேதி, நாலு நாளைக்கு, ஒரு ஏரிக்கரை முகாமில் வண்டி நிறுத்த இடம் பதிவு செய்தாயிற்று. வண்டியின் வாசலுக்கு மேலே மாட்டுகிற பந்தல்தான் இல்லை. அது சரியாக அமையாவிட்டால் அம்மா நாலு நாளும் டிபன் பெட்டிக்குள்தான். எந்தப் பந்தல், எவ்வளவு நீளம், என்ன துணி என்று எழுதுங்கள். எனக்காகக் கேட்கவில்லை. எனக்காக உங்களிடம் ஒரு குண்டூசிகூடக் கேட்க மாட்டேன்.

அளவு கடந்த அன்பு இல்லாமல்,
கொசு


பிப்ரவரி 15

கொசுவுக்கு,

உனக்கு நான் வைத்த பெயர் பொருத்தமானது என்பதை உன் நாலு பக்கக் கடிதம் நிரூபிக்கிறது. சத்தம் அதிகம், சாரம் துளி.

மன்னிப்பு என்ற சொல் அதில் ஒழுங்காக ஒரு முறைகூட இல்லை. முதலாளி இப்போதும் என்னை ‘டைரக்டர் சார்’ என்றுதான் கூப்பிடுகிறார். நேற்று ஒரு ஆள் வாசலில் நின்று இரண்டு நிமிடம் அழுது காட்டிவிட்டு, ‘சிரிக்கவும் தெரியும் சார்’ என்று சொல்லிவிட்டுப் போனார். உனக்கு இது வேடிக்கை.

அக்காவை வெளியே அழைத்துப்போகிற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. அதைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டால் நீயும் அத்தானும் எதையாவது வாங்கித் தொலைப்பீர்கள். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில், பந்தல் என்று சொல்லாதே. மாநாடா நடக்கிறது? அது வெளித்திரை. அளவை வண்டியைத் திறந்து வைத்து எடு. மூடின பெட்டியை அளக்கிற புத்திசாலித்தனத்தை அத்தானிடமிருந்து நான் எதிர்பார்க்கிறேன், ஆகவே டேப்பை அவர் கையில் கொடுக்காதே. வெளித்திரை கூரையின் நீளத்தைவிட ஒரு சாண் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டில்கள் வெளியே வரும் இடத்தில் துணி இடிக்கும். கனமும் முக்கியம். சுருட்டின திரை ஒரு பையில் கூரை விளிம்பிலேயே தொங்கும். கைப்பிடியைச் சுற்றும்போது கூரையோடு சேர்த்து அதையும் தூக்க வேண்டும். பெரிய வண்டிகளில் உலோகக் குழலோடு வருகிற வகையை உங்கள் பெட்டிமேல் ஏற்றினால் கூரை பாதியில் நின்று உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

துணியை எரிகிற பல்புக்கு முன்னால் பிடித்துப் பார். பல்பு தெரிந்தால் வாங்காதே.

மேலே மட்டும் மறைத்தால் போதாது. பிற்பகலில் வெயில் பக்கவாட்டில் நுழையும். ஒரு பக்கத்துக்குத் தொங்கு திரை வேண்டும். இரண்டு பக்கமும் வைத்தால் காற்று உள்ளே புகுந்து பாய்மரம் ஆகிவிடும். ஒன்று போதும், எந்தப் பக்கம் என்று முகாமின் வரைபடத்தைப் பார்த்து எழுது. கவிதை வேண்டாம். பக்கம் மட்டும் எழுது.

மாமா


பிப்ரவரி 24

வெளித்திரை வேந்தருக்கு,

கடைக்குப் போனோம். வெளித்திரை என்று கேட்டால் கடைக்காரர் அதை ‘ஆனிங்’ என்றார். அப்பா “எத்தனை இன்ச்சுல இருக்கு?” என்று கேட்டபடி ஆணி விற்கிற பக்கம் நடந்துவிட்டார். அவர் திரும்பி வருவதற்குள் நான் இரண்டு வகையைப் பார்த்து முடித்தேன்.

ஒன்று, மஞ்சள். மாம்பழ மஞ்சள். எனக்குப் பிடித்திருந்தது, அதனாலேயே உங்களுக்குப் பிடிக்காது. கடையின் கழிவறை பல்புக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். பல்பு தெரிந்தது, அதில் அச்சடித்திருந்த எண்ணும் தெரிந்தது. “நிழல்னா லேசா வெயில் வரத்தான் செய்யும், அதான் அழகு” என்றார் கடைக்காரர். அவர் அழகை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டேன்.

இரண்டாவது, நாலு காலில் தனியாக நிற்பது. துணி கெட்டி. ஆனால் வண்டியில் மாட்ட முடியாது, பக்கத்தில்தான் நிறுத்த வேண்டும். நடுவில் ஓரடிக்கு வானம் தெரியும். அப்பா சொன்னார், “ஓரடிதானே, அம்மா ஒரு எட்டு வெச்சுத் தாண்டிடுவா.” மூட்டு வீங்கின ஆளை நீளம் தாண்டும் போட்டிக்கு அனுப்பப் பார்க்கிறார்.

அளவு: கூரை பத்தடி இரண்டு அங்குலம். கூரை விளிம்பு தரையிலிருந்து ஏழடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. திறந்து வைத்துத்தான் எடுத்தேன். அப்பா மூடி வைத்து எடுத்த அளவும் இருக்கிறது, வேண்டுமானால் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

முகாம்காரர் வரைபடம் அனுப்பினார். கதவு ஏரியைப் பார்த்தபடி நிற்போம். காலை வெயிலை ஒரு பெரிய மரம் கவனித்துக்கொள்ளும். பிற்பகல் பக்கம் வெட்டவெளி. பக்கம் மட்டும் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்: இடப்பக்கம்.

கவிதை இல்லை, கவனித்தீர்களா?

கொசு


மார்ச் 6

கொசுவுக்கு,

கடையில் எதையும் வாங்காதே. நானே தைக்கிறேன். கடை முகப்புகளுக்குப் போடுகிற கெட்டித் துணி இங்கே இருக்கிறது. சாம்பல் நிறம். மஞ்சள் கேட்டு எழுதாதே. உன் ரசனைக்கு நான் தைக்கவில்லை.

நீளம் ஒன்பதரை அடி. முன்னால் எட்டடி நீளும். ஒரு விளிம்பில் உள்ளே கயிறு வைத்துத் தைத்திருப்பேன். கூரை ஓரத்தில் ஒரு அலுமினியத் தடம் பொருத்தி, அந்தக் கயிற்று விளிம்பை அதற்குள் நுழைத்து இழுத்தால் துணி வண்டியோடு ஒட்டி நிற்கும். ஓரடி வானமும் தெரியாது. தடத்தைப் பொருத்துவது மெக்கானிக். அத்தான் அல்ல. இதை அடிக்கோடிட்டிருக்கிறேன்.

திறக்கும்போது முன்பக்கக் கால்கள் இரண்டையும் ஒரே உயரத்தில் நிறுத்தாதே. ஒன்றை ஒரு சாண் தாழ்த்து. மழை வந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் வழிந்து போகும். சமமாக வைத்தால் நடுவில் குளம் கட்டும். காற்று கிளம்பினால், நல்ல பிள்ளை மாதிரி உடனே சுருட்டு. கயிறுகளைச் சாய்வாக இழுத்து முளை அடி. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். நீ தலையையே துவட்டாமல் திரிகிறவள், அதனால் சொல்கிறேன்.

முகாமுக்குப் போகும் முன் வீட்டு வாசலில் ஒரு முறை விரித்துப் பழகு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் தைக்க முடிகிறது. கடையின் தையல்கார அம்மா, “என்ன சார், ஷூட்டிங்குக்கா?” என்று கேட்டார். உன் புகழ் பரவியிருக்கிறது.

அக்கா எப்படி இருக்கிறாள்? போனில் கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்பாள். நீ பார்த்ததை எழுது.

மாமா


ஏப்ரல் 3

இருபது வருட அனுபவசாலிக்கு,

மூட்டை வந்தது. ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பின் முன்னால் விரித்தோம். தடம் மெக்கானிக் பொருத்தியது, கயிற்று விளிம்பு வழுக்கிக்கொண்டு போனது. நீங்கள் கயிறு திரிப்பதில் கெட்டிக்காரர் என்பது எங்களுக்கு முன்பே தெரியும்.

காலைத் தாழ்த்தச் சொன்னதை அப்பா, அவர் காலைத் தாழ்த்தச் சொன்னதாக எடுத்துக்கொண்டு குனிந்து நின்றார். துணி சமமாகவே இருந்தது. பத்து நிமிடம் மழை. நடுவில் நீங்கள் சொன்ன குளம். அப்பா துடைப்பக் கட்டையால் கீழிருந்து ஒரு குத்துக் குத்தினார். மொத்தத் தண்ணீரும் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த குடியிருப்புச் செயலாளர்மேல் இறங்கியது. அவர் “யாரைக் கேட்டு இங்க விரிச்சீங்க?” என்று கேட்க வந்தவர். கேள்வியின் பாதியிலேயே நனைந்துவிட்டார்.

மாடி ஜன்னல் திரையை இரண்டு விரல் விலக்கி அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள். சத்தம் கீழே வரை கேட்டது. நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்: விரல்கள் காலையில் மடங்க நேரமாகிறது. நல்ல நாளில் சமைக்கிறாள். செருப்பு இன்னும் வாசலிலேயே இருக்கிறது.

இப்போது உங்கள் சாதனைக்கு வருவோம். மழை விட்டதும் தொங்கு திரையை அவிழ்த்துவிட்டேன். முகாமில் மரம் வருகிற பக்கமாக அது தொங்கியது! வெட்டவெளிப் பக்கம் வெறிச்சென்று கிடந்தது! இடப்பக்கம் என்று எழுதினால் வலப்பக்கம் தைத்திருக்கிறீர்கள். நாலு மணி வெயில் நேராக அம்மா மடியில் வந்து உட்காரும். இடம் வலம் தெரியாத ஆளுக்கு இருபது வருடமாக யார் சம்பளம் கொடுக்கிறார்? உங்கள் கடைக்கு வந்த பதினோரு பேரில் ஆடினவருக்காவது எந்தக் கால் எது என்று தெரிந்திருந்தது.

பிரித்து மாற்றித் தைக்க எத்தனை நாள் ஆகும்? இருபதாம் தேதி கிளம்புகிறோம். மறு தபாலில் பதில் வேண்டும்.

கொசு


ஏப்ரல் 7

கொசுவுக்கு,

எனக்கு இடம் வலம் தெரியும். உனக்கு எழுதத் தெரியாது.

எங்கள் தொழிலில் இடப்பக்கம் என்றால் உள்ளே நின்று வெளியே பார்க்கிறவரின் இடப்பக்கம். திரை வீட்டுக்குள் இருக்கிறவருக்காக மாட்டுவது, தெருவில் போகிறவருக்காக அல்ல. அளவெடுக்கப் போனால் அறைக்குள் போய், ஜன்னலைப் பார்த்து நின்றுதான் இடது வலது குறிப்போம். இருபது வருடத்தில் ஒரு திரை மாறினதில்லை. நீ வண்டிக்கு வெளியே, எதிரில் நின்று பார்த்துவிட்டு இடப்பக்கம் என்று எழுதியிருக்கிறாய். எங்கே நின்றேன் என்று எழுத உனக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. மாம்பழ மஞ்சளுக்கு அரைப் பக்கம் கிடைத்தது.

மாற்றித் தைக்க முடியாது. பிரித்தால் பழைய ஊசித் துளைகள் அப்படியே நிற்கும், மழைத் தண்ணீர் அந்த வழியாக இறங்கும். புதிதாகத் தைக்கத் துணி வர மூன்று வாரம்.

ஆகவே பயணத்தை நிறுத்துங்கள். அத்தானுக்கும் தனியாக எழுதிவிட்டேன்.

நீ என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பாய். நினைத்துக்கொள். மூன்று வருடத்துக்கு முன், எங்கள் கடையின் புதுக் கிளை திறந்த அன்று, நடைபாதையில் எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்தோம். அப்போதே அக்காவுக்கு லேசாகத் தடிப்பு. வெயில் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா உள்ளே நின்றிருந்தாள். நான்தான் வெளியே கூப்பிட்டேன். ‘அரை மணி நேரம்தானே அக்கா’ என்றேன். அவளை நடுவில் நிறுத்தினேன். படம் நன்றாக வந்தது.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உன் ஜன்னல்களுக்கெல்லாம் ஏன் நான் ஓடி வந்து திரை மாட்டினேன் என்று இப்போது தெரிந்திருக்கும். வேடிக்கை செய்ய வேறு ஏதாவது கண்டுபிடி. அக்காவை வீட்டில் விட்டுவிடு.

மாமா


ஏப்ரல் 12

மாமாவுக்கு,

இந்தத் தடவை பட்டம் எதுவும் தோன்றவில்லை. சந்தோஷப்படாதீர்கள், அடுத்த தடவை இரண்டாகச் சேர்த்துத் தருகிறேன்.

உங்கள் கடிதம் அப்பாவை வந்து சேர்ந்தது. அவர் இரவுச் சாப்பாட்டில், “மாமா சொல்றதும் சரியாத்தான் படுது” என்றார். அவருக்கு எல்லார் சொல்வதும் சரியாகத்தான் படும். பணத்தைத் திரும்பத் தருவார்களா என்று முகாம்காரரிடம் கேட்கப் போனை எடுத்தார். நான் கத்தினேன். கத்தின கத்தில் உங்களைப் பற்றிச் சில அபிப்பிராயங்களும் வெளியே வந்தன. அம்மா அறையிலிருந்து வந்து, “எதுக்குடீ என் தம்பிய ஏலம் போடுற?” என்றாள். உங்கள் கடிதத்தை அவளிடம் நீட்டிவிட்டேன். நீட்டியிருக்கக் கூடாதோ என்று அப்புறம் நினைத்தேன். அதற்குள் படித்துவிட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் மசாலா எதுவும் சேர்க்காமல்.

“அவன் கூப்பிட்டதாலயா நான் வெளிய போனேன்? அவன் கூப்பிடாட்டியும் போயிருப்பேன். புதுத் துணி உடுத்திட்டு உள்ள நிக்கவா வந்தேன்? மூணு வருஷமா இதச் சுமந்துட்டுத் திரியுறானா, லூசு?”

லூசு என்பது அம்மாவின் சொல். நான் வழிமொழிய மட்டும் செய்கிறேன்.

அப்புறம் கேட்டாள், “அவன் எங்க நின்னு இடதுன்னான்?”

“உள்ள நின்னு.”

“அப்பச் சரியாத்தானே தெச்சிருக்கான்? நான்தானே உள்ள இருந்து பார்க்கப் போறேன். நீ ஏன்டீ வெளிய நின்னு எழுதின?”

எனக்குப் பதில் வராத நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அம்மா முகாம் வரைபடத்தை வாங்கி மேசைமேல் வைத்தாள். ஒரு தீப்பெட்டியை வண்டியாக வைத்தாள். அதை ஒரு சுற்றுச் சுற்றித் தலைகீழாக வைத்தாள். “வண்டியத் திருப்பி நிறுத்தினா போச்சு.” கதவு ஏரியைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்தால், மரம் இருந்த பக்கம் தொங்கின திரை வெட்டவெளிப் பக்கம் வந்துவிடுகிறது. நாம் இரண்டு பேரும் பக்கம் பக்கமாகத் திட்டிக்கொண்டதை அவள் நாலு சொல்லில் முடித்துவிட்டாள். கேவலமாக இருந்தது. உங்களுக்கும் இருக்கட்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

இருபதாம் தேதி கிளம்புகிறோம். உங்கள் அனுமதி தேவைப்படவில்லை. அம்மாவே அப்பாவிடமிருந்து போனை வாங்கி வைத்துவிட்டாள்.

கொசு


ஏப்ரல் 16

கொசுவுக்கு,

முளைகள் பன்னிரண்டு தனியாக அனுப்பியிருக்கிறேன். அத்தான் கையில் கொடுக்காதே, நட்ட இடத்தை மறந்து அதன்மேலேயே தடுக்கி விழுவார்.

ஏரிக்கு முதுகு காட்டி நிறுத்துவது ஒரு விதத்தில் நல்லது. தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயிலும் வெயில்தான். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தீப்பெட்டிக்குத் தோன்றியிருக்கிறது.

தொங்கு திரையின் கீழ் ஓரத்தில் நாலு வளையம் உண்டு. நாலையும் கட்டு. மூன்றைக் கட்டிவிட்டுப் போதும் என்று நினைக்கிற பரம்பரை உன்னுடையது.

அக்கா கை முழுக்க மூடின சட்டை போட வேண்டும். தடிப்பு ஏதாவது தெரிந்தால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் டாக்டரைக் கூப்பிடு. பிறகு எனக்கு எழுது. எழுதாமல் இருக்காதே.

மாமா


ஏப்ரல் 25

உள்ளே நின்று உலகை அளக்கும் உத்தமருக்கு, வளையம் நாலையும் கட்டச் சொன்ன வள்ளலுக்கு,

சொன்னபடி இரண்டு பட்டம்.

வண்டியைத் திருப்பித்தான் நிறுத்தினோம். முகாம்காரர் ஓடி வந்தார். “சார், ஏரி அந்தப் பக்கம்.” அப்பா, “தெரியும்” என்றார். “எல்லாரும் ஏரியப் பார்த்துதான் நிறுத்துவாங்க.” “தெரியும்.” “இந்தப் பக்கம் பார்த்தா டாய்லெட்தான் தெரியும் சார்.” அது அப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சின்னச் சதுரம்தான் இருந்தது.

ஆமாம் மாமா. அம்மா மூன்று வருடத்துக்குப் பிறகு பகலில் வெளியே வந்து உட்கார்ந்து பார்த்த முதல் காட்சி, பொதுக் கழிப்பறை. இளம் பச்சைப் பெயின்ட், இரண்டு கதவு, ஒரு குழாய், வாசலில் எப்போதும் வரிசை. முதுகுக்குப் பின்னால் தங்கத் தட்டு மாதிரி ஏரி.

நான் திரையை விரித்தேன். கயிற்று விளிம்பை நானே இழுத்தேன். இடது முன்காலை ஒரு சாண் தாழ்த்தினேன் (உள்ளே நின்று பார்த்தால் இடது, சரியா?). வளையம் நாலையும் கட்டினேன். அம்மா கதவருகில் நின்று கையை முதலில் வெளியே நீட்டினாள், குளிக்கத் தண்ணீர் சூடா என்று பார்க்கிற மாதிரி. அப்புறம் இறங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா, “ஏரி தெரியலியே, வருத்தமா?” என்று கேட்டார். அம்மா கழிப்பறை வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பயந்துபோனேன். அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

அப்புறம் மெதுவாகச் சொன்னாள், “அந்தப் பல் தேய்க்கிறவனப் பாரேன். பிரஷ்ஷ வாயில வெச்சுக்கிட்டு பிரதமர் மாதிரி நடக்கிறான்.”

அதோடு ஆரம்பித்தது. நாலு நாளும் நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பெரியவர் ‘தளபதி’. சோப்புப் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிற பெண்மணி ‘நகைக்கடை’. வரிசையில் முந்தப் பார்த்து மூன்று முறை பிடிபட்ட ஆள் ‘அவசரச் சட்டம்’. உங்களையும் என்னையும் சேர்த்துக் கரைத்தாலும் அந்தக் கொழுப்பு வராது. இந்த வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் உங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பான பக்கம்.

“ஏம்மா இப்படிக் கிழிக்கிற, பாவம்” என்று அப்பா சொன்னார். அம்மா, “மூணு வருஷமா எனக்குக் கிண்டல் பண்ண உங்க ரெண்டு பேரையும் விட்டா ஆளில்ல. அலுத்துப்போச்சு” என்றாள்.

இப்போது எழுதப் பிடிக்காததை எழுதுகிறேன். எழுதாமல் இருக்காதே என்றீர்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் வலது முன்கையில் அரை விரல் நீளத்துக்குத் தடித்துச் சிவந்தது. அவசரச் சட்டம் மறுபடி பிடிபட்டபோது, அதைக் காட்ட அம்மா சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டுத் தொங்கு திரைக்கு வெளியே கையை நீட்டிவிட்டாள். கொஞ்ச நேரம்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சிரித்துக்கொண்டிருந்தேன். சொல்லத் தோன்றவில்லை. உங்கள் அரை மணி நேரம் என்னவென்று அப்போது எனக்கு

இந்த வரியை விட்டுவிடுகிறேன். உங்களுக்குப் புரியும்.

டாக்டரை உடனே கூப்பிட்டோம். மருந்து தடவி, உள்ளே படுக்க வைத்து, காலையில் பார்க்கச் சொன்னார். நான் மணிக்கு ஒரு தரம் கையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் வரவில்லை. காலையில் சிவப்பு பாதியாகக் குறைந்திருந்தது. “இன்னிக்கு உள்ளயே இரும்மா” என்றேன். “நீ உங்க மாமாவுக்குக் கடிதம் எழுதி எழுதி அவனாவே மாறிட்ட” என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு, அவளே கதவைத் திறந்து இறங்கி உட்கார்ந்தாள். அந்த வசையைவிடப் பெரிய வசை இதுவரை யாரும் என்னைச் சொன்னதில்லை.

மே பத்தாம் தேதி மறுபடி போகிறோம். முகாம்காரர் ஏரி நன்றாகத் தெரிகிற இடம் ஒன்று காலி என்றார். அம்மா, கழிப்பறைக்கு எதிரில் இருப்பதே வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

துணியைக் காயவைத்துத்தான் சுருட்டினேன்.

கொசு


ஏப்ரல் 30

கொசுவுக்கு,

கடிதம் கிடைத்தது. அந்தத் தடிப்பு இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதவில்லை. முக்கியமானதை விட்டுவிடுவது உன் வழக்கம். அக்காவைப் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மறைந்துவிட்டதாம். அரைமணி நேரம் பேசினாள். அதில் முக்கால்வாசி நகைக்கடையைப் பற்றி.

நீ பாதியில் நிறுத்தின வரியைப் படித்தேன். அதை முடிக்க வேண்டாம்.

வெளித்திரை முன்னால் எட்டடி நீளும் என்று எழுதியிருந்தேன். உங்கள் மூன்று நாற்காலிக்கும் ஒரு சின்ன மேசைக்கும் ஆறடி தாராளம். துணியை வீணாக்குகிறேன் என்று தையல்கார அம்மாகூடக் கேட்டார். நாலாவது நாற்காலி ஒன்று அக்கா பக்கத்தில் முழு நிழலில் விழுகிற மாதிரி அளந்துதான் தைத்தேன்.

முதலாளியிடம் நாலு நாள் லீவு கேட்டிருக்கிறேன். பத்தாம் தேதி காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். நாற்காலியை நானே கொண்டுவருகிறேன். உன்னோடு பேச வரவில்லை. எனக்கு அந்த அவசரச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

மாமா